பள்ளியில் தினமும் சொல்லும் கொடி உறுதிமொழி: வேண்டாம் என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கா, பெற்றோருக்கா?

கேள்வி: ஈரோட்டுக்காரி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஈரோட்டிலிருந்து டெக்சஸுக்கு வந்து, டல்லாஸ் நகரின் வடக்குப் புறத்தில் குடியிருக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். மகனுக்குப் பதினொரு வயது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறான்.

இங்கே பள்ளி தொடங்கியதும் ஒலிபெருக்கியில் அமெரிக்கக் கொடிக்கான உறுதிமொழியும், அதைத் தொடர்ந்து டெக்சஸ் கொடிக்கான உறுதிமொழியும், பிறகு ஒரு நிமிட மௌனமும் வரும். பிள்ளைகள் எழுந்து, வலக்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொல்வார்கள். இரண்டாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் என் மகனும் சொல்லி வந்தான். அப்போது அவனுக்கு அந்த வரிகளின் பொருள் தெரியாது. எனக்கும் அதைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. நம் ஊர்ப் பள்ளியில் நாமும் பொருள் தெரியாமல் எத்தனையோ சொல்லி வளர்ந்தவர்கள்தானே என்று இருந்துவிட்டேன்.

சென்ற வாரம் சமூக அறிவியல் வகுப்பில், உறுதிமொழியில் வரும் ‘அலீஜியன்ஸ்’ (விசுவாசம்) என்ற சொல்லுக்கு ஆசிரியர் பொருள் விளக்கியிருக்கிறார். அன்று இரவு சாப்பிடும்போது மகன் கேட்டான்: “அம்மா, என் பாஸ்போர்ட்டில் இந்தியன் என்றுதானே போட்டிருக்கிறது? பிறகு வேறொரு கொடிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று நான் ஏன் தினமும் சொல்கிறேன்?” இந்த நாட்டின் மேல் அவனுக்கு எந்த வருத்தமும் இல்லை. பொய் சொல்வது போல இருக்கிறது என்பது மட்டும்தான் அவன் சங்கடம்.

மறுநாள் காலை அவன் எழுந்து நின்று, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். வகுப்பாசிரியை அருகில் வந்து, மிகவும் கனிவாகவே, “உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?” என்று கேட்டிருக்கிறார். அதற்கு அடுத்த நாளிலிருந்து அவன் உதட்டை மட்டும் அசைக்கத் தொடங்கிவிட்டான். யாரும் திட்டவில்லை, மிரட்டவில்லை. ஆனாலும் என் பிள்ளை சொல்வது போல நடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான் என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

இந்த உறுதிமொழி சட்டப்படி கட்டாயமா? மறுத்தால் விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ பாதகம் வருமா என்று கணவர் பயப்படுகிறார். அந்தப் பயத்தில் நியாயம் உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்வதா வேண்டாமா என்பதை என் மகனே முடிவு செய்யலாமா, நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: நூலகவாசி

சகோதரி, நான் சென்னையில் சில காலம் வழக்கறிஞராக இருந்துவிட்டு இப்போது ஹூஸ்டனில் வாழ்பவன். இங்கே வழக்காடும் உரிமம் எனக்கு இல்லை. ஆகவே இதைப் படித்துத் தெரிந்த ஒருவரின் பதிலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கணவரின் பயத்தைத் தீர்த்துவிடலாம். பள்ளியில் பிள்ளைகள் சொல்லும் உறுதிமொழிக்கும் குடியுரிமை பெறும்போது எடுக்கும் சத்தியப்பிரமாணத்துக்கும் சட்டத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயிரம் முறை சொன்னாலும் உங்கள் மகன் அமெரிக்கனாகிவிட மாட்டான்; அவனுடைய இந்தியக் குடியுரிமைக்கும் குறைவு வராது. அதே போல, சொல்லாமல் இருப்பதை யாரும் குடிவரவுத் துறைக்கு எழுதி அனுப்பப் போவதில்லை. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அதைப் பற்றிய கேள்வியும் இல்லை. அரசுப் பள்ளியில் படிப்பதற்குக் குடியுரிமை நிலை ஒரு தடையாகாது என்று 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே இந்த டெக்சஸிலிருந்து போனதுதான்.

இனி, கட்டாயமா என்ற கேள்வி. பெனிசில்வேனியா மாநிலத்தின் மைனர்ஸ்வில் என்ற சுரங்க ஊரில் 1935இல் பன்னிரண்டு வயதுச் சிறுமியும் பத்து வயதுத் தம்பியும் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்ததால் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள். கொடியை வணங்குவது உருவ வழிபாட்டுக்குச் சமம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. 1940இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த சில நாள்களிலேயே அந்தப் பிரிவினர் பல மாநிலங்களில் தாக்கப்பட்டார்கள். மேய்ன் மாநிலத்தில் அவர்களது கூட்ட அரங்கு எரிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த பார்னெட் வழக்கில், அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தன் தீர்ப்பைத் தானே தலைகீழாக்கியது. தீர்ப்பு வெளியான நாள் 1943 ஜூன் 14. அது அமெரிக்கக் கொடி நாள். நாடு உலகப் போரின் நடுவில் இருந்த அந்த நேரத்தில், அரசியலிலோ தேசியத்திலோ மதத்திலோ எது சரியான கருத்து என்று வகுத்து, அதை மக்களை வாயால் ஒப்புக்கொள்ளச் செய்யும் அதிகாரம் பெரியவரோ சிறியவரோ எந்த அதிகாரிக்கும் கிடையாது என்ற கருத்தில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். (இந்த இரண்டு குடும்பங்களின் பெயர்களையும் நீதிமன்ற ஆவணங்கள் பிழையாகவே எழுதின. மைனர்ஸ்வில் குடும்பத்தின் கோபிடாஸ் என்ற பெயர் கோபிடிஸ் ஆயிற்று. பார்னெட் என்ற பெயரின் கடைசியில் இல்லாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டது. நம் பெயர்களை இந்த ஊர் அலுவலகங்கள் படுத்தும் பாட்டை நினைத்தால் வியப்பில்லை.)

ஆகவே 1943 முதல் அரசுப் பள்ளி எந்தப் பிள்ளையையும் உறுதிமொழி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. தனியார் பள்ளிகளுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது; அது வேறு கதை.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. டெக்சஸ் கல்விச் சட்டம் பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும் இரண்டு உறுதிமொழிகளையும் மாணவர்கள் சொல்ல வேண்டும் என்கிறது. பெற்றோரோ காப்பாளரோ எழுத்தில் கேட்டுக்கொண்டால் அந்த மாணவருக்கு விலக்குத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. மாணவர் தாமாகக் கேட்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதாவது உங்கள் மகனுக்கு உள்ள சுதந்திரத்தின் சாவி உங்கள் கைப்பையில் இருக்கிறது.

இது சரியா என்பதில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. பெனிசில்வேனியாவில் ஒரு மாணவர் மறுத்தால் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும் என்றிருந்த சட்டத்தை 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. வீட்டுக்குத் தகவல் போகும் என்ற எண்ணமே பிள்ளையின் வாயை அடைத்துவிடும் என்பது அதன் அடிப்படை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2008இல், புளோரிடாவில் டெக்சஸைப் போலவே பெற்றோர் கடிதம் கேட்கும் சட்டத்தை இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று முடிவு செய்யும் பெற்றோரின் உரிமையை அது பாதுகாக்கிறது என்று காரணம் சொன்னது. ஒன்றை மட்டும் அந்த நீதிமன்றமும் விட்டுக்கொடுக்கவில்லை: விலக்குப் பெற்ற பிள்ளையை எழுந்து நிற்கவும் கட்டாயப்படுத்தக் கூடாது.

டெக்சஸிலேயே, ஹூஸ்டன் பகுதியில், 2017இல் 17 வயது மாணவி ஒருவர் எழுந்து நிற்காததற்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அந்த வழக்கில் தலையிட்டுப் பெற்றோர் கடிதச் சட்டத்தை ஆதரித்தார். இன்னொரு பள்ளியில் உறுதிமொழி சொல்லாத மாணவி ஓர் ஆசிரியர் மேல் தொடுத்த வழக்கு, 2022இல் 90,000 டாலர் கொடுத்து முடித்துக்கொள்ளப்பட்டது. உரிமை இருக்கிறது, அதைப் பயன்படுத்தியவர்கள் நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதில் 2: பிளேனோ மாமா

இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன்; இரண்டு பிள்ளைகளை இதே பள்ளிகளில் படிக்க வைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனால், அவர்கள் சாப்பிடும் முன் கண்ணை மூடிக் கும்பிட்டால், நாமும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் இருக்கிறோம். அதற்காக நாம் மதம் மாறிவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இந்த நாட்டின் பள்ளி, பேருந்து, நூலகம் எல்லாவற்றையும் பயன்படுத்திக்கொண்டு, அரை நிமிட உறுதிமொழிக்கு நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று. பதினொரு வயதில் பிள்ளைகள் நூறு கேள்வி கேட்பார்கள். கணக்குப் பாடம் எதற்கு என்றும் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கடிதம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தால் பிள்ளை வகுப்பில் தனித்து நிற்பான். ஏற்கெனவே மதிய உணவுப் பெட்டியைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். இதையும் சேர்க்க வேண்டுமா?

பதில் 3: நூலகவாசி

மாமா சொல்லும் விருந்து உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் விருந்துக்குப் போன இடத்தில் நாம் அமைதியாக இருக்கிறோம். அவர்களுடைய பிரார்த்தனையை நம் வாயால் சொல்வதில்லை. அந்தச் சிறுவனும் முதல் நாள் அதைத்தான் செய்தான், எழுந்து நின்று சும்மா இருந்தான். அதுவே போதுமென்று விடப்பட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

உறுதிமொழியின் வரலாற்றில் உங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தி உண்டு. பிரான்சிஸ் பெல்லமி என்ற பாதிரியார் 1892இல், கொலம்பஸ் வந்து 400 ஆண்டுகள் ஆனதைப் பள்ளிகளில் கொண்டாடுவதற்காக, ஒரு சிறுவர் குடும்பப் பத்திரிகையில் இதை எழுதினார். பள்ளிகளுக்குக் கொடி விற்கும் இயக்கத்தையும் அதே பத்திரிகைதான் நடத்தியது. அப்போது வாசகம் ‘என் கொடிக்கு’ என்றுதான் இருந்தது. எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லை. 1923இல் ‘அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடிக்கு’ என்று மாற்றினார்கள். காரணம், வெளிநாட்டில் பிறந்து வந்த பிள்ளைகள் ‘என் கொடி’ என்று சொல்லும்போது மனத்துக்குள் தாங்கள் பிறந்த நாட்டின் கொடியை நினைத்துக்கொள்ளக் கூடும் என்ற கவலை. உங்கள் மகனைப் போன்ற பிள்ளையை மனத்தில் வைத்துத்தான் அந்த வரியே திருத்தப்பட்டது, சகோதரி. ‘கடவுளின் கீழ்’ என்ற சொற்கள் 1954இல்தான் சேர்ந்தன. டெக்சஸ் உறுதிமொழியில் அதே சொற்கள் 2007இல் வந்தன.

மாமாவின் பக்கத்திலும் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார் என்பதை மறைக்க விரும்பவில்லை. 1940 தீர்ப்பை எழுதியவரும், 1943இல் மாறுபட்டு நின்றவரும் நீதிபதி பெலிக்ஸ் பிராங்பர்ட்டர். வியன்னாவில் பிறந்து பன்னிரண்டு வயதில் நியூயார்க்குக்கு வந்த யூதச் சிறுவன் அவர். ஏறக்குறைய உங்கள் மகனின் வயதில் இந்த நாட்டுக்கு வந்து, இங்கே படித்து, நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தவர், பள்ளிதான் வந்தேறிகளை ஒரு மக்களாக்கும் பட்டறை என்று உளமார நம்பினார். அவர் நன்றியில் பேசினார் என்று எனக்குத் தோன்றும். அந்த நன்றி அவருக்கு உண்மையானது. அதை இன்னொரு பிள்ளையிடம் வசூலிக்க முடியுமா என்பதில்தான் நான் அவரிடமிருந்து விலகுகிறேன்.

பதில் 4: நாஞ்சில் ஆசிரியர்

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் வீட்டுக்கு வந்திருக்கும் இடத்தில் இதைப் படித்தேன். இந்தக் கேள்வியை அமெரிக்காவின் கேள்வியாக மட்டும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் எல்லைக்கு அப்பால், கோட்டயம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் உடன்பிறந்த மூன்று பிள்ளைகள் படித்தார்கள். பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. அவர்களும் யெகோவாவின் சாட்சிகள்தான். தேசிய கீதம் பாடும்போது ஒழுங்காக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். அவர்களுக்கு முன் படித்த அக்காள்மாரும் அப்படியே இருந்தார்கள், யாரும் குறை காணவில்லை. 1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இதைக் கவனித்து, சட்டமன்றத்தில் கேள்வியாக எழுப்பினார். விசாரணைக் குழு வந்தது. பிள்ளைகள் சட்டத்தை மதித்து நடப்பவர்கள், கீதத்துக்கு அவமதிப்பு எதுவும் காட்டவில்லை என்று அறிக்கையும் தந்தது. ஆனாலும் கல்வி அதிகாரியின் அறிவுறுத்தலின் பேரில் ஜூலை 26 அன்று தலைமையாசிரியை அவர்களை வெளியேற்றினார். கேரள உயர் நீதிமன்றம் பிள்ளைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1986 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அதை மாற்றி, கீதம் பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, மரியாதையாக எழுந்து நின்றதே போதும், பேச்சுரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும் என்று சொல்லிப் பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். பிஜோ இமானுவேல் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு அது தெரிய வந்தது எப்போது என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், நான் வேலை பார்த்த பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி சொல்லும்போது கையை நீட்டாமல் நின்றான். “இந்தியா எனது தாய்நாடு, இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள்” என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்க, அவன் மட்டும் கையைத் தொங்கவிட்டிருந்தான். உடற்கல்வி ஆசிரியர் அவனை வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து என் முன் நிறுத்தினார். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. முதல் பாடவேளை முடியும் வரை வெயிலில் நிற்கச் சொன்னேன். அவனுக்கு என்ன காரணம் இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தோள்பட்டை வலியாகக் கூட இருந்திருக்கலாம். தீர்ப்பு வந்து எட்டு, ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அது எங்கள் பள்ளியின் சுற்றறிக்கைக் கோப்புக்கு வந்து சேரவில்லை. தில்லியில் கொடுக்கப்பட்ட உரிமை ஒரு பள்ளி மைதானத்தை எட்டுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டால், என்னைப் போன்ற ஒரு தலைமையாசிரியர் படித்துத் தெரிந்துகொள்ள எடுக்கும் காலம் என்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? அமெரிக்கப் பிள்ளைகளும் முன்பு கொடியை நோக்கிக் கையை நீட்டித்தான் உறுதிமொழி சொன்னார்கள். ஹிட்லரின் வணக்கத்தைப் போலத் தெரிகிறது என்பதால் 1942 டிசம்பரில் அதை விட்டு நெஞ்சில் கை வைக்கும் முறைக்கு மாறினார்கள் என்று என் பேத்தியின் பாடப்புத்தகத்தில் படித்தேன். நாமோ இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறோம். நம் உறுதிமொழியை 1962இல் தெலுங்கில் எழுதியவர் பைடிமரி வெங்கட சுப்பா ராவ் என்ற கருவூல அதிகாரி. அந்த வாசகத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. எல்லாரும் உடன்பிறந்தவர்கள் என்பதைவிட நல்ல வாக்கியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர முடியாது. அதைச் சொல்லாத பையனை நான் வெயிலில் நிறுத்தினேன் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

விலக்குத் தருகிறோம் என்று சொல்லும் உத்தரவுகளிலும் ஒரு முடிச்சு இருக்கும். 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் பள்ளிகளில் வாரத்துக்கு ஒரு முறையாவது வந்தே மாதரம் பாட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, யாருக்கேனும் பாடுவதில் சங்கடம் இருந்தால் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆனால் தகுந்த காரணம் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தது. தகுந்த காரணம் என்று யார் தீர்மானிப்பது? தலைமையாசிரியர் அறையில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன காரணம் சொல்ல முடியும்? வயது வந்தவர்களுக்கே இதில் தெளிவில்லை. 2016இல் திரையரங்குகளில் தேசிய கீதம் கட்டாயம் என்றார்கள். 2018 ஜனவரியில் கட்டாயமில்லை என்றார்கள். இடைப்பட்ட காலத்தில் படம் பார்க்கப் போனவர்களுக்காவது டிக்கெட் வாங்காமல் வீட்டில் இருக்கும் வழி இருந்தது. பள்ளிப் பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை.

அம்மா, உங்கள் மகனின் ஆசிரியை கேட்ட கேள்வியில் தீய எண்ணம் இல்லை. ஆனால் நாற்பது கண்கள் பார்க்கும்போது ஒரு பெரியவர் அருகில் வந்து குனிந்து விசாரிப்பதே ஒரு பிள்ளைக்குப் போதுமான கட்டாயம். நான் ஆசிரியராக இருந்தபோது இது எனக்குப் புரியவில்லை.

பதில் 5: கடைசி பெஞ்சு

என் பெற்றோர் திருச்சிக்காரர்கள். நான் பிறந்து வளர்ந்தது ஆஸ்டினில். இப்போது கல்லூரியில் படிக்கிறேன். தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழில் எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறப்பால் அமெரிக்கக் குடிமகள். எனவே உங்கள் மகனின் சங்கடம் எனக்கு இல்லை. ஒன்பதாம் வகுப்பில், அந்தக் கடைசி வரியில் வரும் ‘எல்லாருக்கும் சுதந்திரமும் நீதியும்’ என்பது உண்மையாக இல்லை என்று எனக்குத் தோன்றியது, அதனால் உட்கார்ந்தேன். அம்மாவிடம் கடிதம் கேட்டால் தருவார் என்று தெரியும். ஆனால் கேட்கவில்லை. அம்மா அனுமதித்ததால் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதில் என் கருத்து எங்கே இருக்கிறது?

ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. முன் வரிசையில் இருந்த தோழி ஒருத்திதான் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அவளுடைய அண்ணன் ராணுவத்தில் இருந்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் அவளிடம் காரணத்தை விளக்கினேன், அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் மறுபடியும் பேசினாள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாற்று ஆசிரியர் வரும் நாள்களில் நான் எழுந்து நின்றுவிடுவேன். முன்பின் தெரியாத ஒருவர் என்ன செய்வார் என்று கணக்குப் போடும் துணிவு எனக்கு இல்லை. எனவே, சொல்லாமல் இருக்கும் உரிமை எனக்கு வாரத்தில் நான்கு நாள்தான் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அக்கா, ஒரு யோசனை. ஆண்டின் முதல் நாளில் ஆசிரியர் வகுப்பு முழுவதையும் பார்த்து, சொல்ல விரும்புபவர்கள் சொல்லலாம், விரும்பாதவர்கள் அமைதியாக இருக்கலாம், காரணம் கேட்க மாட்டேன் என்று ஒரு முறை சொன்னால் போதும். என் பள்ளியில் ஒரே ஒரு ஆசிரியர் அப்படிச் சொன்னார். அவர் வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் சொன்னார்கள். நானும் சில நாள்களில் சொன்னேன்.

ஈரோட்டுக்காரியின் பதில்

எல்லாருக்கும் நன்றி. நாஞ்சில் ஐயா எழுதியதைக் கணவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். விசா பற்றிய பயம் அவருக்குக் குறைந்திருக்கிறது. முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மாமா சொன்னதையும் நான் ஒதுக்கவில்லை. மகன் தனித்து நிற்பானோ என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் அவன் நடிப்பதைவிடத் தனித்து நிற்பது மேல் என்று இந்த ஒரு வாரத்தில் எனக்குத் தோன்றியிருக்கிறது.

பள்ளி அலுவலகத்தில் விசாரித்தேன். வரவேற்பில் இருந்தவருக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்டு வந்து, ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும், காரணம் குறிப்பிட வேண்டியதில்லை என்றார். வீட்டுக்கு வந்து எழுதினேன். எங்கள் குடும்பம் இந்தியக் குடியுரிமை உடையது என்பதால் எங்கள் மகனுக்கு விலக்குத் தர வேண்டும் என்று மூன்று வரி. கொடுப்பதற்கு முன் அவனிடம் காட்டினேன். அவன் வாசித்துவிட்டு, ‘எங்கள் குடும்பம்’ என்று தொடங்கும் வாக்கியத்தைப் பென்சிலால் அடித்துவிட்டான். “நீயும் அப்பாவும் சொல்லச் சொன்னாலும் நான் சொல்ல மாட்டேன், அம்மா. இது என்னுடையது” என்றான். பிறகு, டெக்சஸ் கொடிக்கானதைச் சொல்வதில் தனக்கு ஒன்றுமில்லை என்றான். அது எப்படி, அதிலும் அதே ‘அலீஜியன்ஸ்’ வருகிறதே என்று கேட்டேன். “நான் டெக்சஸில்தானே இருக்கிறேன்?” என்று அவனுக்கு ஒரு நியாயம் இருந்தது. சரியா தவறா என்று நான் வாதாடவில்லை.

கடிதத்தை ஒரே வரியாகத் திருத்தி எழுதி, கையெழுத்துப் போட்டு அவனிடமே கொடுத்துவிட்டேன். நேற்று மாலை மதிய உணவுப் பெட்டியை எடுக்கப் பையைத் திறந்தபோது கடிதம் மடித்தபடியே உள்ளே இருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். காலையில் எழுந்து நின்றதாகவும், வாயைத் திறக்கவில்லை என்றும், உதட்டையும் அசைக்கவில்லை என்றும், ஆசிரியை பார்த்தார் ஆனால் அருகில் வரவில்லை என்றும் சொன்னான். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டுமா என்றதற்கு, பையிலேயே இருக்கட்டும் என்றான்.